வாசலும் நோயாளியின் கட்டிலும்

மேற்கத்திய மடங்களில் நாள் இரவு ஜெபத்தோடு முடிகிறது. அதன் பிறகு விடியும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது 6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதி வைத்த ஒழுங்கு. அந்த ஜெபத்தில் மரபாகப் பாடப்படும் லத்தீன் பாட்டு ஒன்று, வெளிச்சம் முழுக்கப் போவதற்கு முன் படைத்தவரிடம் காவல் கேட்கிறது. கெட்ட கனவும் இரவில் அலையும் மாய உருவங்களும் அண்டாமலிருக்க வேண்டுகிறது. பேதுருவின் நிருபத்திலிருந்து சிறு பகுதியையும் வாசிப்பார்கள். எதிரி சிங்கத்தைப்போல இரை தேடிச் சுற்றுகிறான், விழிப்பாக இருங்கள் என்பது அதன் சாரம்.

ஆக, கன்னியர் மடத்துக்குள் ரத்தக்காட்டேரி நுழையும் கதையை எழுதுகிறவர் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அவன் வருவான் என்று அங்கே தினமும் சொல்லிக்கொண்டுதான் படுக்கப் போகிறார்கள்.

*

2020 ஜனவரி 1 அன்று பிபிசியில் வந்த 'டிராகுலா' தொடரின் முதல் பகுதி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. 'ஷெர்லாக்' எழுதிய ஸ்டீவன் மோஃபட், மார்க் கேட்டிஸ் இருவரின் கைவண்ணம். மடம் இருப்பது புடாபெஸ்டில், காலம் 1897. டிராகுலாவின் கோட்டையிலிருந்து தப்பி வந்த ஜானதன் ஹார்க்கர் அங்கே கிடக்கிறான். சிஸ்டர் அகாதா அவனை உட்கார வைத்து விசாரிக்கிறார். டாலி வெல்ஸ் நடித்த அந்த அகாதா யாரையும் எளிதில் விட மாட்டார். என்ன பார்த்தாய், எங்கே தொட்டான், எதைக் கண்டு பின்வாங்கினான் என்று துருவுகிறார்.

பிறகு வாசல் காட்சி. இரவு. இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு ஓநாய் வருகிறது. அதன் உடலைப் பிளந்துகொண்டு, ரத்தம் பூசிய அம்மண மனிதன் ஒருவன் எழுகிறான். கதவுக்கு உள்ளே அகாதா நிற்கிறார். அழைக்காமல் அவன் உள்ளே வர முடியாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததை அப்படியே வைத்துக்கொள்ளும் சுபாவமும் அவருக்கு இல்லை. தன் உள்ளங்கையைக் கீறி ரத்தத்தைக் காட்டிக் கேலி செய்கிறார். உனக்கு ஏன் சிலுவை பயம், யார் உனக்கு இந்த விதிகளைப் போட்டது என்று நிதானமாகக் கேட்கிறார். பல நூற்றாண்டு வாழ்ந்த போர்வீரன், பிரபு, ஒரு கன்னியாஸ்திரியின் வாசலில் பிச்சைக்காரனாக நிற்கிறான்.

அவர் பக்தியில் ஊறியவரும் அல்லர். கடவுளோடு தமக்குள்ள உறவை அன்பு வற்றிப்போன திருமணமாகவே பார்க்கிறார். தலைக்கு மேல் ஒரு கூரைக்காக அதில் நீடிப்பதாக வெளிப்படையாகச் சொல்கிறார். நம்பிக்கை இவ்வளவு தேய்ந்த ஒருவர் வாசலில் இவ்வளவு உறுதியாக நிற்பதுதான் அந்தப் பகுதியில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. உறுதி அவருக்கு ஆர்வத்திலிருந்து வருகிறது. பயத்தைவிடத் தெரிந்துகொள்ளும் ஆசை ஒரு பிடி கூடுதல்.

*

அழைத்தால்தான் வர முடியும் என்ற விதி தொடர்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பிராம் ஸ்டோக்கரின் நாவலிலேயே காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங் அதைச் சொல்கிறார்: வீட்டார் யாராவது ஒருவர் முதல்முறை வரச்சொல்ல வேண்டும், பிறகு அவன் நினைத்தபோது வரலாம்.

இந்த விதியை ஒரு மடத்தின் வாசலில் கொண்டுபோய் வைத்தால் சிக்கல் ஆரம்பிக்கிறது. ஒரு பக்கம், கன்னியர் மடம் போல அடைத்து வைத்த வீடு கிடையாது. 1298இல் போப் எட்டாம் போனிஃபஸ் கன்னியர் யாரும் மடத்தைவிட்டு வெளியேறக் கூடாது என்று ஆணையிட்டார். 1563இல் திருச்சபையின் திரெந்து சங்கம் அதை இன்னும் இறுக்கியது. அடைபட்ட மடங்களின் சுவரில் ஒரு மரச் சுழல்பெட்டி இருக்கும். உருளை வடிவம், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வெளியே இருப்பவர் ரொட்டியையோ கடிதத்தையோ வைத்துச் சுழற்றினால் பொருள் உள்ளே போகும். கொடுத்தவர் முகம் வாங்கியவருக்குத் தெரியாது, வாங்கியவர் முகம் கொடுத்தவருக்குத் தெரியாது. மரம் சுழலும் சத்தம் மட்டும் இரண்டு பேருக்கும் பொது.

மறுபக்கம், அதே துறவற மரபில்தான் வருகிற விருந்தாளி ஒவ்வொருவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி வரவேற்கச் சொல்லும் பெனடிக்டின் விதியும் இருக்கிறது. வாசல் காப்பவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்: வயதானவர், விவேகம் உள்ளவர், கண்டபடி சுற்றித் திரியாதவர். யாராவது தட்டினாலோ ஏழை ஒருவர் குரல் கொடுத்தாலோ, உடனே கடவுளுக்கு நன்றி சொல்லிப் பதில் தர வேண்டும். யார் என்று பார்ப்பதற்கு முன்பே நன்றி!

தட்டினால் திறக்க வேண்டிய வீடு அது. திறக்கச் சொல்லி நிற்பவனோ அவன். வேறெந்த வீட்டு வாசலிலும் இந்தக் கதை இவ்வளவு கனமாக இருக்காது.

*

கடைசியில் வாசல் வழியாக அவன் வரவில்லை. வந்தது ஹார்க்கரின் அறை ஜன்னல் வழியாக.

தான் இனி உயிருள்ள மனிதன் அல்ல என்று ஹார்க்கருக்குத் தெரிந்துவிட்டது. சாகப் பார்க்கிறான், முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே டிராகுலா பேரம் பேசுகிறான்: என்னை உள்ளே விடு, உனக்குச் சாவைத் தருகிறேன். ஹார்க்கர் விடுகிறான். ஆசையினாலோ துரோகத்தினாலோ அல்ல, வலி தாங்காமல்.

பிறகு நடப்பதைக் கொலைக்களம் என்று ஒரே வார்த்தையில் தாண்டிவிடலாம். கன்னியருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மதர் சுப்பீரியரின் தலை போகிறது. அதை ஒரு வேடிக்கையாகப் படமாக்கியது எனக்கு உடன்பாடில்லை. சந்தேகப்படுகிற அகாதாவுக்கு அத்தனை வசனம் கொடுத்தவர்கள், நம்புகிற மூதாட்டிக்கு ஒரு முழு வாக்கியத்தையாவது முடிக்க விட்டிருக்கலாம். நிலவறையில் அகாதா நற்கருணை அப்பத்தை நொறுக்கி வட்டம் போடுகிறார். ஹார்க்கரின் வருங்கால மனைவி மினாவைக் காப்பாற்ற அவர் தன்னையே கொடுத்தது அடுத்த பகுதியில் தெரியவருகிறது. வட்டமும் ஸ்டோக்கரிடமிருந்து எடுத்ததுதான்.

வாசலில் அத்தனை காவல். சிலுவைகள், கூராக்கிய மரமுளைகள், ஜெபமாலைகள். ஒரு நோயாளியின் கட்டில் அருகே மட்டும் காவல் இல்லை.

*

நாவலின் சிஸ்டர் அகாதா வேறு மாதிரி. அங்கே அவருக்கு இருப்பது ஒரு கடிதமும், மினா வழியாக நாம் கேட்கும் சில பேச்சுகளும்தான். இடம் புடாபெஸ்டில் புனித சூசையப்பர், புனித மரியாள் பெயரில் உள்ள மருத்துவமனை. ஆகஸ்ட் 12 தேதியிட்டு அவர் மினாவுக்கு எழுதுகிறார். ஹார்க்கர் ஏறக்குறைய ஆறு வாரமாகக் கடுமையான மூளைக்காய்ச்சலில் கிடக்கிறான். பிதற்றலில் ஓநாய், ரத்தம், பேய் என்று பயங்கரமாக ஏதேதோ சொல்கிறான். கையில் போதுமான பணம் இல்லை, தங்கியதற்கான செலவை அனுப்பினால் உதவி தேவைப்படும் மற்றவர்களுக்குக் குறை வராது. இந்தக் கடைசித் தகவல் எனக்குப் பிடித்தது. காட்டேரிக் கதையில் மருத்துவமனைக் கணக்கு எட்டிப் பார்க்கிறது.

மினா வந்து சேர்ந்து, அவர் என்ன பிதற்றினார் என்று கேட்கிறாள். அகாதா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, சொல்ல மாட்டேன் என்கிறார். நோயாளியின் பிதற்றல் கடவுளின் ரகசியம், தொழிலின் காரணமாக அதைக் காதில் வாங்கியவர் காப்பாற்றியாக வேண்டும் என்பது அவர் நிலை. மறுநாள் மனம் இளகி ஒரே ஒரு ஆறுதல் தருகிறார்: அவர் தப்பு எதுவும் செய்யவில்லை, நீ மனைவியாகப் போகிறவள், நீ கவலைப்பட ஒன்றுமில்லை.

ஹார்க்கரும் தன் நாட்குறிப்பை மினாவிடம் கொடுத்து, அதில் இருப்பதை அறிய விரும்பவில்லை என்கிறான். அவர்கள் அங்கேயே கட்டிலருகில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். அவள் அந்த நோட்டை வெள்ளைத் தாளில் சுற்றி, கழுத்திலிருந்த வெளிர்நீல ரிப்பனால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு வைத்து, தன் கல்யாண மோதிரத்தையே முத்திரையாக அழுத்துகிறாள்.

ஒரு அகாதா கேட்டதைப் பூட்டுகிறார். இன்னொரு அகாதா கேட்டதைத் தோண்டுகிறார். தொடரைப் பார்க்கும்போது தோண்டுகிறவர் பக்கம்தான் மனம் சாய்கிறது. காய்ச்சலில் நானே கிடந்தால் யார் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டால் பதில் வேறு.

*

கதையை விட்டு வரலாற்றுக்கு வந்தால் பயம் இன்னும் கூடுகிறது. 1632இல் பிரான்சின் லூதுன் நகரத்து உர்சுலின் மடத்தில் கன்னியருக்கு இரவில் உருவங்கள் தெரிந்தன. அலறினார்கள், உடல் முறுக்கிக்கொண்டது. தலைவி ழான் தே ஆஞ்ஜ் உட்படப் பலர், ஊர்ப் பங்குகுரு உர்பேன் கிராந்தியேதான் பேய்களை ஏவினார் என்றார்கள். அவர்கள் பிதற்றியதை யாரும் ரகசியமாக வைக்கவில்லை. பேயோட்டும் சடங்குகள் ஊரறிய நடந்தன, வேடிக்கை பார்க்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கிராந்தியே 1634 ஆகஸ்ட் 18 அன்று உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் செத்த பிறகும் பேய்கள் அடங்கவில்லை. அதைப் பார்த்தாவது யாராவது யோசித்திருக்கலாம்.

அந்த வருடக் கடைசியில் ழான்-ழோசேஃப் சூரேன் என்ற இயேசு சபைக் குரு வந்தார். கூட்டத்தின் நடுவே கத்துவதைக் குறைத்து, தலைவியின் அருகே அமர்ந்து ஜெபித்து, மெல்லப் பேசினார். ஒரு கட்டத்தில், அவளைப் பிடித்திருப்பது என்னைப் பிடிக்கட்டும் என்று தன்னையே ஒப்புக்கொடுத்தார். தலைவி தேறினார். பின்னாளில் தன் கையில் தோன்றிய புனிதப் பெயர்களைக் காட்டிக்கொண்டு பிரான்ஸ் முழுக்கப் பயணமும் போனார். சூரேனோ ஏறக்குறைய 20 வருடம் மனம் சிதைந்து கிடந்தார். ஒருமுறை ஜன்னலிலிருந்து குதித்தும் விட்டார், உயிர் தப்பியது. மினாவுக்காகத் தன்னைக் கொடுக்கும் அகாதாவைத் திரையில் பார்த்தபோது எனக்கு ஞாபகம் வந்தவர் இவர்தான்.

*

ஜெர்மனியில் வூர்ட்ஸ்புர்க் அருகே இன்னொரு மடம், உண்டர்ட்செல். துணைத் தலைவி மரியா ரெனாட்டா சிங்கர் அங்கே 50 வருடம் வாழ்ந்தவர், வயது எழுபதை நெருங்கிவிட்டது. நோயுற்ற கன்னியர் அவர்தான் தங்களுக்குச் சூனியம் வைத்தார் என்றார்கள். 1749இல் அவர் தலை வெட்டப்பட்டு, உடல் எரிக்கப்பட்டது. வெளியிலிருந்து யாரும் வரவே இல்லை. பயம் உள்ளே புகுந்ததும், பக்கத்துப் பாயில் படுத்தவரின் முகமே காட்டேரி முகமாகிவிட்டது.

இதற்கு மூன்று வருடம் முன்பு, 1746இல், பெனடிக்ட் சபையின் மடாதிபதி ஓகுஸ்தேன் கால்மே காட்டேரிகளைப் பற்றி ஒரு பெரிய நூலையே வெளியிட்டிருந்தார். செர்பியாவிலிருந்தும் மொராவியாவிலிருந்தும் வந்த செய்திகளைத் தொகுத்து, கல்லறை மண் கலையாமல் பிணம் எப்படி வெளியே வரும் என்று எளிமையாகக் கேட்டார். நம்புவதா தள்ளுவதா என்று அவர் தடுமாறுவதும் அந்த நூலில் தெரிகிறது. முடிவு கட்டியவர் வேறொருவர். பேரரசி மரியா தெரேசாவின் மருத்துவர் கெரார்ட் வான் ஸ்வீட்டன், அழுகாத பிணங்களுக்கு இயற்கையான காரணங்களை எழுதிக் கொடுத்தார். 1755இல் பேரரசி, பிணங்களைத் தோண்டுவதையும் முளை அடிப்பதையும் எரிப்பதையும் தடை செய்தார்.

*

தொடரில் மொத்தம் மூன்று பகுதிகள். மூன்றாவது, கதையை நம் காலத்துக்கு இழுத்து வந்து நீர்த்துப்போகிறது. அதை விட்டுவிட்டாலும் நட்டமில்லை. முதல் பகுதியை மட்டும் பாருங்கள். முடிந்த கையோடு நாவலின் 8ஆம் அத்தியாயத்தில் சிஸ்டர் அகாதாவின் கடிதத்தைப் படியுங்கள். ஒன்றிரண்டு பக்கம்தான் வரும்.