அடைக்கலப் பொருள்

மக்கட்குப் பொருள் மூன்று வழியான் வரும். முன்னோர் ஈட்டி வைத்துச் சென்றது ஒன்று. தம் முயற்சியான் ஈட்டுவது ஒன்று. பிறர் நம்பி ஒப்புவித்தது ஒன்று. முதலிரண்டும் தமக்கே உரியன, மூன்றாவது மட்டுமே அடைக்கலம் என உலகோர் கருதுவர். சைவசித்தாந்தம் அவ்வாறு கொள்வதில்லை. தனு கரண புவன போகங்கள் உயிர்களின் வினைக்கேற்ப இறைவனால் மாயையினின்றும் கூட்டப்படுவன என்பது நம் நூற்றுணிபு. ஆகவே தந்தை வைத்த நிலமும், அதனை உழும் கையும் ஒருங்கே கொடுக்கப்பட்டனவாம். உடையான் அவனே, யாம் சின்னாட் காப்பவரே.

அற்றேல், ஊழான் வருவதற்கு உழைப்பு எற்றுக்கெனின், கூறுதும். பிராரத்தவினை கருவிகளின் தொழில் வழியாகவே வந்து பொருந்தும். கை கொடுக்கப்பட்டதும் அதன்பொருட்டே. முன்னோர் தேட்டு உண்டென மடிந்திருப்பவன், விதைநெல்லை உண்டு தீர்ப்பவனை ஒப்பான்.

இனி, அடைக்கலத்தின் அருமையை அமர்நீதி நாயனார் வரலாற்றிற் காண்கின்றோம். பழையாறையிற் பொன்னும் மணியும் துகிலும் வாணிகஞ் செய்து பெருஞ்செல்வரான அவர்பால், இறைவன் பிரமசாரி வடிவில் வந்து கோவணம் ஒன்றை வைத்துச் சென்றனன். அது மறைந்தது. அதற்கீடாகத் தராசில் இட்ட செல்வமனைத்தும் நிறை போதவில்லை. மனைவியாரோடும் மகனாரோடும் தாமும் ஏறிய பின்னரே தட்டு நேர்நின்றது. வேறு பொருள் தருவேம் என்னும் சொல்லால் அடைக்கலக் கடன் தீராது. தம்மையே ஈடாக வைப்பவரே அதனை ஏற்றற்குரியார் என்பது இதனாற் பெறப்படும்.

ஒப்புவிப்போர்க்கும் கடமை உண்டு. சென்னையிற் பெரும்பெயர் பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் வீழ்ந்தபோது, வாழ்நாள் உழைப்பின் பயனை அங்கு வைத்திருந்தோர் பலர் வறியராயினர். அதன் தலைவர் சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைத்தண்டனை பெற்றார். பெயரின் பெருமையைக் கணக்கின் செம்மையாகக் கொண்டமையே இழந்தோர்க்கு நேர்ந்த தவறாம். ஆயினும் நம்பிக்கையே தீதென மக்கள் விட்டொழிந்திலர், வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முதலியோர் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. ஆராயாது ஒப்புவித்தல் அன்பன்று, மடியே. ஆராய்ந்த பின்னும் ஒருவரையும் நம்பாமை அறிவன்று, அச்சமே.

கோயிற் கட்டளைகளையும் மடங்களின் அறநிலங்களையும் காப்போர் இதனைப் பெரிதும் சிந்தித்தல் வேண்டும். அவை பல தலைமுறையினர் வியர்வை சிந்தி ஈட்டி, காணாத பிற்காலத்தாரை நம்பி வைத்தவை. சோழர்காலக் கல்வெட்டுக்களிற் கோயில் நிலங்களின் கொள்ளலும் விற்றலும் சண்டேசுவரர் பெயரால் நிகழ்ந்தமை காண்கின்றோம். சிவன்சொத்துக்குக் கணக்குக் கேட்பார் ஒருவர் உளர் என்பதே அதன் கருத்து. அவர் திருமுன் அடியார் கைதட்டுதல், யாதும் கொண்டுசெல்கின்றிலேம் என வெறுங்கை காட்டுதற்கே எனப் பெரியோர் கூறுவர். தந்தை தேட்டாயினும், தன் தேட்டாயினும், பிறர் வைத்ததாயினும், இவ்வுலகை விட்டு நீங்குங்கால் அவ்வாறு கூசாது கைவிரித்துக் காட்ட வல்லவரே பொருளைப் பொருளாக ஆண்டவராவர். அன்பர்கள் இதனை உளங்கொண்டு ஒழுகுவாராக.

திருச்சிற்றம்பலம்.