விருந்தினர் கடன்

அரசு ஊழியர்களாகிய நமக்கு நாடு காணும் வாயில் விடுமுறைப் பயணச் சலுகைதான். சொந்த ஊர் செல்லும் உரிமையை மாற்றிக்கொண்டு லடாக் செல்லலாம் என்று அரசு அளித்த தளர்வினால், நாமும் குடும்பத்துடன் லே நகர் சென்றோம். பின்தங்கிய பகுதிகள் சுற்றுலாவால் வளம்பெறும் என்பது இத்தகைய பயணங்களுக்குச் சொல்லப்படும் நியாயம்.

அது பொய்யன்று. லடாக் 1974-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. வாற்கோதுமையையும் கால்நடையையும் நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அதன் பின்னர் அறை வாடகையும் வண்டி வாடகையும் கண்டன. ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய சிற்றூர்களில், ஆட்டைக் கொல்லும் பனிச்சிறுத்தை முன்பு பகையாக இருந்தது. அதனைக் காண வருவோர் இல்லங்களில் தங்கத் தொடங்கியபின் அப்பகை பெரிதும் தணிந்தது. அறவுரையால் ஆகாததை வருவாய் செய்தது என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் நீரின் கணக்கு வேறு. ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லேயில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டரே. பனி உருகி வரும் நீரை வாய்க்கால் வழியே முறைவைத்துப் பங்கிடுவதற்கெனச் 'சுர்போன்' என்னும் நீர்க்காவலரை ஊரார் அமர்த்துவது மரபு. அவர்களது கழிப்பறைக்கு நீரே வேண்டாம். மண் தூவினால் போதும், பின்னர் அது வயலுக்கு எருவாகும். வந்தவர்களோ குழாயும் வெந்நீர்த் தூவலும் வேண்டினர். விடுதிகள் ஆழ்துளைக் கிணறுகளை நாடின.

நாமும் அவ்வாறே நாள்தோறும் இருமுறை நீராடினோம். மூன்றாம் நாள் விடியலில், விடுதியை நடத்தும் அம்மையார் தண்ணீர் லாரியிலிருந்து தகரக் குவளைகளில் நீர் சுமந்துவரக் கண்டோம். நம் கட்டணச் சீட்டில் நீருக்கென ஒரு வரியும் இல்லை. பணம் கொடுத்தவன் கடன் தீர்ந்தவன் ஆவானா? கொடுத்த ரூபாய் பனியாறாக மாறுமா? போகாமலே இருந்துவிடலாமே எனின், கோடை வருவாயைக் கொண்டு கடுங்குளிரைக் கடத்தும் குடும்பங்களுக்கு அதுவும் தீங்கே.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது பெரிதும் விருந்தளிப்பவரை நோக்கியே பேசுகிறது. விருந்தினர் தம் கடனைத் தாமே தேடியறிய வேண்டும் போலும்.

அன்று நாம் ஆளுக்கு ஒரு வாளி நீர் போதுமென்றும், உலர் கழிப்பறையையே பயன்படுத்துகிறோம் என்றும் கூறினோம். அம்மையார் சிரித்தார். "நாங்களும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். விருந்தினரிடம் எப்படிச் சொல்வது என்று சும்மா இருந்தோம்" என்றார் இந்தியில்.