எத்தனை குடம்?

சென்னையில் சிறுபிள்ளைகளோடு குடித்தனம் பண்ணுகிறவர்களுக்கு 2019-ம் வருஷத்துக் கோடை மறக்காது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் ஏறக்குறைய வற்றிப்போயின. எங்கள் தெருவிலும் தண்ணி லாரிதான் கதி. வீட்டுக்கு இத்தனை குடம் என்று நாங்களே பேசிவைத்துக்கொண்டோம்.

கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கும் தனியாயிருக்கிற பாட்டிக்கும் ஒரே அளவு என்பது நியாயமா? பால் பாட்டில் கழுவ, துணி அலச எனக்குக் கூடுதலாய்த் தேவைதான். "பிள்ளைக்காரி, ரெண்டு குடம் கூட எடுத்துக்கம்மா" என்று பாட்டியே சொன்னார்கள். மனசாரக் கொடுப்பதை வாங்கலாம். ஆனால் உரிமையாய்க் கேட்கலாமா? பிள்ளையைக் காட்டிக் கேட்டால் யார் மறுப்பார்கள்! அதுதான் எனக்குப் பயம். பிள்ளை பேரைச் சொல்லி எடுப்பதில் பிள்ளைக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு? (வீட்டு ஆண்களுக்கு இந்தக் கேள்வி வராது, வரிசையில் நிற்கிறது நாம்தானே.)

ஒரு குடம் மாத்திரம் வாங்கிக்கொண்டேன். பாட்டியால் மாடிக்குத் தூக்க முடியாது. அவர்கள் பங்கை நான் தூக்கிக் கொடுத்தேன். "இது அன்பா, கொடுக்கல் வாங்கலா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "ரெண்டும்தான்" என்றேன். என் ஆறு வயசு மகளோ அன்றுமுதல், "பாட்டிக்கு இன்னைக்கு எத்தனை குடம்மா?" என்று எண்ண ஆரம்பித்துவிட்டாள்.