ஊசிக்கு முன் உண்மை



"பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது, அதற்கு எதற்கு ஊசி?" என்று கேட்கும் தாயைச் சிலர் அறிவில்லாதவள் என்று ஏசிவிடுகிறார்கள். இது நியாயமா? பிள்ளையின்மேல் உள்ள பாசமே அவளைக் கேட்கச் செய்கிறது. கேட்பது குற்றமல்ல. பதிலைத் தேடாமல் இருப்பதும், தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பதுமே குற்றம்.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ருபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கியபோது வாட்ஸப்பில் வதந்தி பரவிற்று. பெற்றோர் பலர் தயங்கினார்கள். வதந்தி வீடு தேடி வந்தது. உண்மையும் அப்படி வந்திருக்க வேண்டாமா?

ஆகையால் உள்ளதைச் சொல்வோம். ஊசி போட்ட இடம் வலிக்கலாம், சிவக்கலாம். இரண்டொரு நாள் ஜுரமும் வரலாம். மிக அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை உண்டாகும். அதற்காகவே அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். இதை மறைப்பது தப்பு. முன்னமே அறிந்த தாய், ஜுரத்தைக் கண்டு அடுத்த தவணையை நிறுத்தமாட்டாள். மறுபக்கமும் அவள் அறியவேண்டும்: தட்டம்மை நிமோனியாவைக் கொண்டுவரும், கண்பார்வையைப் பறிக்கும், உயிரையும் வாங்கும்.

"என் பிள்ளை, என் இஷ்டம்" என்பார் உண்டு. யோசித்துப் பாருங்கள். தட்டம்மைக்கு முதல் ஊசி 9 மாதம் நிறைந்த பின்பே போடப்படுகிறது. அதற்கு முன் தாயிடமிருந்து பெற்ற எதிர்ப்புச் சக்தி ஊசியின் பலனைக் குறைக்கும். அந்தச் சக்தியும் மெல்லத் தேய்ந்துபோகும். அந்த இடைக்காலத்தில் சிசுவுக்குக் காவல் யார்? சுற்றியுள்ள பிள்ளைகளே. நூற்றுக்கு 95 பேராவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அந்நோய் பரவாது. நோயாளி போனபின்பும் அதன் கிருமி இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். கோவிலில் உங்கள் பக்கத்தில் இருப்பவள் மடியில் 6 மாதக் குழந்தை உறங்குகிறது. உங்கள் தீர்மானம் அதையும் தொடுகிறது. பிறர்சிநேகம் என்பது இதுதான் அல்லவா?

இந்தியாவில் இளம்பிள்ளை வாதக் கிருமி பரவியதால் வந்த கடைசி நோய், 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்குக் கண்டது. இன்றைய இளந்தாய்மார் அந்நோயைப் பார்த்ததில்லை. ஆகவே அதற்கு அஞ்சுவதுமில்லை. பார்த்த பாட்டிமார் பேசட்டும். தாய்மார் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்து, விட்டுப்போன தவணை இருந்தால் சுகாதார நிலையத்துச் செவிலியரைக் கேளுங்கள். சந்தேகத்தையும் அவரிடமே கேளுங்கள். அறிந்த பின் அண்டை வீட்டுக்காரிக்கும் பொறுமையாய்ச் சொல்லுங்கள்.