‘ஒன்னும் ஆகாதும்மா!’

போன வருடம் என் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆப்பரேஷன். முதல் நாள் மத்தியானம் வார்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, மயக்க மருந்து கொடுத்தா நான் திரும்ப எழுந்திரிப்பேனாடா?” என்று கேட்டார்.

“ஒன்னும் ஆகாதும்மா, சும்மா பயப்படாதீங்க” என்றேன். அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. போர்வை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

சாயந்திரம் மயக்க மருந்து டாக்டர் வந்தார். மலாய்க்காரப் பெண். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஆன்ட்டிக்கு எதை நினைச்சு பயம்?” என்று மலாயில் கேட்டார். நான் கேட்காத கேள்வி அது. “பாதியில முழிச்சிட்டா?” என்றார் அம்மா. இந்தப் பயம் இருந்ததே எனக்குத் தெரியாது!

டாக்டர், ‘நடக்காது’ என்று சொல்லவில்லை. “ரொம்ப அபூர்வமா நடக்கும். அது நடக்காம பார்க்கிறதுதான் என் வேலை. முடியிற வரைக்கும் உங்க பக்கத்துலயே இருப்பேன்” என்றார். ஆறு மணி நேரம் ஏன் சாப்பிடக் கூடாது என்று விளக்கினார்: வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். பால் மாதிரி வெள்ளை மருந்து ஏறும்போது கை கொஞ்சம் எரியும், குழாய் வைப்பதால் எழுந்ததும் தொண்டை வலிக்கும் என்றும் சொன்னார். மறுநாள் காலையில் அம்மா, “நல்லா தூங்கினேன்டா” என்றார்.

நான் இன்ஜினியரிங் மாணவன். விரலில் மாட்டும் அந்தக் கிளிப், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. 1970-களில் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்ட வழி அது. ஆனால் பயத்தை அளக்க எந்தக் கிளிப்பும் இல்லை. உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். தூக்க மருந்து மட்டும் பெற்றவர்களைவிட, மயக்க மருந்து டாக்டர் முன்கூட்டியே வந்து பேசிய நோயாளிகள் அமைதியாக இருந்தார்கள் என்று 1963-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

அப்படியென்றால் அன்பினால் நான் சொன்ன பொய் தவறா? குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்கிறார் வள்ளுவர். அந்த நிபந்தனையில்தான் நான் தோற்றேன். என் ‘ஒன்னும் ஆகாது’ அம்மாவுக்கு நன்மை செய்யவில்லை, அவர் வாயைத்தான் அடைத்தது. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சைத் தாங்க முடியாமல் பயந்தது நான்தான்.

கோயிலில் நடராசரின் அபயக் கரத்தைத் தினமும் பார்க்கிறோம். துன்பமே வராது என்றா அந்தக் கை சொல்கிறது? ‘நான் இருக்கிறேன், அஞ்சாதே’ என்றுதானே! அந்த டாக்டர் கொடுத்ததும் அபயம்தான்.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்த அம்மா, கரகரத்த குரலில், “தொண்டை வலிக்குதுடா, அந்த டாக்டர் சொன்ன மாதிரியே” என்று சிரித்தார். முன்பே சொல்லாமல் விட்டிருந்தால் அந்த வலியே புதுப் பயமாகியிருக்கும்.

நண்பர்களே, அடுத்த முறை வீட்டில் யாராவது ‘பயமா இருக்கு’ என்றால், உடனே சமாதானம் சொல்லிவிடாதீர்கள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ‘எதை நினைச்சு பயம்?’ என்று முதலில் கேளுங்கள்.