டைல்ஸுக்கு அடியில்



"ஆண்டவரே, அக்கினியை அனுப்பும்!" என்று ஒவ்வொரு முழுஇரவு ஜெபத்திலும் கைகளை உயர்த்திக் கேட்கிறோம். நானும் தொண்டை கட்டுமட்டும் கேட்டிருக்கிறேன். அந்த அக்கினி வந்து தங்க இடம் சரியாக இருக்கிறதா? இதைக் கர்த்தர் எனக்கு ஒரு கணப்படுப்பில் காட்டினார்.

முழுநேர ஊழியத்துக்கு வருமுன் எண்ணூர் அனல்மின் நிலையத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் பாய்லருக்கு ஃபயர் பிரிக் கட்டிக்கொண்டிருந்தேன். 2017-ல் அந்த நிலையத்தை மூடினார்கள். கரண்டியை வைத்துவிட்டாலும் கை மறக்கவில்லை. இது தெரிந்த ஒரு விசுவாசி, சென்ற ஜனவரியில் கொடைக்கானலில் இருக்கும் தன் பழைய பங்களாவுக்குக் கூப்பிட்டார். 1845-ல் மதுரை அமெரிக்க மிஷனெரிமார் முதல் வீடுகளைக் கட்டிய ஊர் அது. குளிருக்காகச் சுவரிலேயே கணப்படுப்பு வைத்த பழைய பங்களாக்கள் அங்கே இன்றும் உண்டு. திறந்த அடுப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாய்ப் போய்விடும். ஆகவே அதற்குள் பொருத்த, கதவு வைத்த இரும்பு அடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருந்தார்.

கீழ்த்தளத்து டைல்ஸ் பார்க்க அழகு. தட்டினால் பொள்ளல் சத்தம். "மேலயே புதுசா ஒட்டிடுங்க பாஸ்டர், ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு" என்றார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. ஏதோ தடுத்தது, ஒரு டைலைப் பெயர்த்தேன். அடியில் சாந்து பொடிப்பொடியாய்க் கிடந்தது. அதற்கும் கீழே தேக்கு உத்தரம், கரிக்கட்டையாய்! வருஷக்கணக்காய்ச் சூடு ஏறின மரம் உள்ளுக்குள் கரியாகும். பிறகு குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அந்த உத்தரம் போய் முடிந்த அறையில்தான் அவர் பேரப்பிள்ளைகள் தூங்குகிறார்கள்.

மூன்று நாள் வேலை ஒன்பது நாளாயிற்று. கரிந்த பகுதியை அறுத்து, செங்கல் தூண் கொடுத்து, காங்கிரீட் போட்டு, மேலே ஃபயர் பிரிக். சாதா சிமெண்ட் அந்தச் சூட்டில் வலுவிழந்து உதிரும். ஃபயர் கிளே கலவைதான் வேண்டும், அதையும் மெல்லிசாய்ப் பூச வேண்டும். தணல் விழுந்தாலும் தரை பிடிக்காதபடி அடுப்புக்கு முன்னால் ஒன்றரை அடி நீட்டினேன். டைல்ஸ் கடைசியில்தான். ஞாயிறு கூட்டம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்தது, போகட்டும்!

அந்த ராத்திரிகளில் 1 இராஜாக்கள் 18-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். எலியா எடுத்தவுடனே அக்கினியைக் கேட்கவில்லை. இடிந்து கிடந்த பலிபீடத்தைச் செப்பனிட்டார், பன்னிரண்டு கற்களைச் சுமந்து அடுக்கினார். யாரும் "அல்லேலூயா" சொல்லாத வேலை அது. அப்போது ஆவியானவர் என்னைக் கேட்டார்: உன் உத்தரம் எப்படி இருக்கிறது?

பிரியமானவர்களே, மறைக்காமல் சொல்கிறேன். திருவொற்றியூரில் அப்பா விட்டுப்போன வீட்டின் பாகப்பிரிவினையில் என் தம்பியோடு மூன்று வருஷமாய்ப் பேச்சில்லை. அவன் இருப்பது எர்ணாவூர், நடந்தே போகலாம். நான் மேடையேறி எழுப்புதல் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தேன். மேலே டைல்ஸ் பளபள. மத்தேயு 5:23, 24-ஐ எத்தனை தரம் பிரசங்கித்திருப்பேன்! காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன வார்த்தை, எனக்கு மட்டும் இல்லை என்று நினைத்தேன் போல.

கலவை காயவேண்டும், அவசரப்பட்டுத் தீ மூட்டினால் வெடிக்கும். அந்த இடைவெளியில் பஸ் ஏறி வந்தேன். விடியற்காலை கதவைத் தட்டினேன். "இன்னாண்ணே, இந்நேரத்துல?" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் பெண்சாதி டீ போட்டாள். "தப்பு என்பேர்லதான்டா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் மலைக்குத் திரும்பிப்போய், நாலு காய்ந்த சுள்ளி வைத்துச் சின்னத் தீயாய் மூட்டினேன். புகை நேராய் மேலே போனது.

பத்திர விஷயம் இன்னும் முடியவில்லை. வருகிற மாதம் இருவரும் ரிஜிஸ்டர் ஆபீஸ் போகிறோம். ஜெபித்துக்கொள்ளுங்கள்.