கடன் யார் தலையில்?

லண்டன் வைட்சேப்பலில் தோல் பூட்ஸ் தயாரித்து விற்றவர் ஆரன் சாலமன். பல ஆண்டுகள் தனி ஆளாக நடத்திய வியாபாரத்தை 1892-ல் கம்பெனியாக மாற்றினார். அன்றைய சட்டப்படி ஏழு பேர் வேண்டும். தான், மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள் என்று கணக்கைச் சரிக்கட்டினார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மற்ற ஆறு பேருக்கும் தலைக்கு ஒன்று. வியாபாரத்தைத் தன் கம்பெனிக்கே விற்று, விலையில் ஒரு பகுதிக்கு 10,000 பவுண்டு கடன் பத்திரமும் எழுதி வாங்கிக்கொண்டார். சாலமனின் கம்பெனி சாலமனுக்கே கடன்பட்டது.

கம்பெனி சீக்கிரமே நொடித்தது. சரக்கைக் கடனாகக் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சாலமன்தான் பொறுப்பு என்று கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் சொல்லின. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை அதை ஒருமனதாக மாற்றியது: கம்பெனி வேறு, சாலமன் வேறு. இத்தனைக்கும் அவர் ஏமாற்றுக்காரர் அல்ல. அந்தக் கடன் பத்திரத்தை அடமானம் வைத்துத் திரட்டிய பணத்தையும் கம்பெனியில்தான் போட்டிருந்தார். மேல்முறையீட்டுக்குப் போனபோது கட்டணம் கட்ட வழியில்லாத ஏழை வழக்காடியாகவே போனார்.

இன்று இந்தியாவில் ஆறு பேரைத் துணைக்கு நிறுத்த வேண்டியதில்லை. 2013 கம்பெனிச் சட்டம் ஒருநபர் கம்பெனிக்கு (ஓபிசி) வழி திறந்தது. மூலதனம் 50 லட்சத்தையோ விற்றுமுதல் 2 கோடியையோ தாண்டினால் வேறு வகைக் கம்பெனியாக மாற வேண்டும் என்ற கட்டுப்பாடும் 2021 ஏப்ரலில் நீங்கிவிட்டது. தனியாகத் தொழில் தொடங்குகிறவர் ஆடிட்டர் முன் உட்கார்ந்ததும் எழும் முதல் கேள்வி, புரொப்ரைட்டராகவே இருப்பதா, ஓபிசி பதிவு செய்வதா என்பதுதான். செலவு, வரி, ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டிய படிவங்கள் எல்லாவற்றையும் ஆடிட்டர் விளக்கிவிடுவார். வியாபாரம் விழுந்தால் யாருடைய பாக்கியைக் கொடுக்காமல் விட மனம் ஒப்பும் என்று அவர் கேட்பதில்லை. அது கணக்கைச் சேர்ந்த கேள்வி அல்ல. ஆனால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறவர் அதற்கும் சேர்த்தே பதில் எழுதிவிடுகிறார்.

புரொப்ரைட்டர் என்றால் ஆளும் கடையும் ஒன்று. கடையின் கடனுக்கு வீடும் போகலாம். அங்கேயும் சட்டம் ஓர் எல்லை வைத்திருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவின்படி சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது. தாலிக்கு முன்னால் அமீனாவும் நின்றாக வேண்டும். ஓபிசியில் எல்லை இன்னும் வெகு முன்னாலேயே வந்துவிடுகிறது. கம்பெனியின் சொத்தோடு கடன் முடிந்தது, வீடு தப்பியது.

சமயங்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. தந்தையின் கடனை மகன் அடைப்பது அறக்கடமை என்று தர்மசாஸ்திரங்கள் விதித்தன. கடனோடு இறந்தவனுக்கு மறுமையிலும் விடுதலை இல்லை என்ற நம்பிக்கைதான் அதன் அடிப்படை. சூது, குடி போன்றவற்றில் பட்ட கடன் விலக்கு. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களும் இந்தக் கடமையைக் குடும்பச் சொத்தளவுக்கு ஏற்று நடத்தின. 2005-ல் இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் புதிய கடன்களுக்கு அது நின்றது. இங்கிலாந்தின் குவேக்கர் சபையினர் திவாலானவர்களைச் சபையிலிருந்தே நீக்கினார்கள். சிறைச் சீர்திருத்தத்துக்காகப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரையின் கணவரும் 1828-ல் வங்கி நொடித்தபின் அப்படி நீக்கப்பட்டவர். இஸ்லாத்தில், கடனோடு இறந்தவருக்குத் தாமே ஜனாஸா தொழுகை நடத்த நபிகள் நாயகம் தயங்கியதையும், தோழர் அபூ கதாதா அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுததையும் ஹதீஸ்கள் சொல்கின்றன. இறந்தவர் யாருக்காவது தர வேண்டியிருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்று தொழுகைக்கு முன் குடும்பத்தார் அறிவிப்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களிலும் கேட்கலாம்.

ஆள் அல்லாத ஒன்றை ஆளாக வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்வது சமயத்துக்கு விரோதம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அதைச் செய்தன. சோழர் காலச் சிவன் கோயில்களில் நில விற்பனையும் கொடையும் சண்டேசுவரர் பெயரில் நடந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அவரிடம் ஊர்ச்சபைகள் காசு வாங்கியிருக்கின்றன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. 1925-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் தெய்வத்தைச் சட்டத்தின் பார்வையில் ஓர் ஆளாக ஏற்றது. தமிழ்நாட்டிலிருந்து திருட்டுத்தனமாக லண்டன் போன பத்தூர் நடராஜர் சிலை வழக்கில், இடிந்து கிடந்த கோயிலே வழக்காடலாம் என்று 1991-ல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொள்ள, சிலை நாடு திரும்பியது.

ஆனால் அந்த ஏற்பாட்டின் நோக்கம் வேறு. சாமியின் சொத்தை நிர்வாகி தன் சொத்தென்று எடுத்துவிடாதபடி காக்க வந்தது அது. ஒருநபர் கம்பெனியில் நிர்வாகியும் உடைமையாளரும் ஒருவரே. அங்கே தடுக்கப்படுவது கடன் கொடுத்தவரின் கை. பாகிஸ்தானின் இஸ்லாமியச் சட்ட அறிஞர் தகீ உஸ்மானி இந்த நுட்பத்தைக் கவனித்தவர். வக்ஃபு போன்ற முன்மாதிரிகளைக் காட்டி, பொதுமக்கள் பங்கு வாங்கும் பெரிய கம்பெனிகளில் பொறுப்பு வரையறுக்கப்படுவதை ஏற்கலாம் என்றார். அன்றாட நடவடிக்கை பங்குதாரருக்கே தெரிந்திருக்கும் சிறிய தனியார் கம்பெனிகளுக்கு அந்தச் சலுகையை அவர் நீட்டவில்லை. அவர் வாதத்தை அப்படியே பிடித்துக்கொண்டு போனால் ஓபிசிக்கு இடமே இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. துணிந்து ஒரு தொழில் தொடங்கியதற்குத் தண்டனையாகப் பிள்ளைகள் குடியிருக்கும் வீடு ஏலத்துக்குப் போவதில் எந்த அறமும் இல்லை. கம்பெனியோடுதான் வியாபாரம் செய்கிறோம் என்று தெரிந்தே சரக்கு கொடுத்தவர்கள் தங்களையேதான் நொந்துகொள்ள வேண்டும் என்று சாலமன் வழக்கில் மெக்நாட்டன் பிரபு சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

அந்த நியாயம் யாருக்குப் பொருந்தும்? வங்கிக்குப் பொருந்தும். எதிரே இருப்பது யார் என்று விசாரிக்க அதற்கு ஆட்கள் உண்டு. ஆனால் ஓபிசிக்குக் கடன் தரும் வங்கி பெரும்பாலும் உரிமையாளரிடம் தனிப்பட்ட ஜாமீனும் எழுதி வாங்கிவிடுகிறது. அப்படி ஜாமீன் போட்டவர்கள்மேலும் திவால் சட்டம் பாயும் என்ற விதி 2019 டிசம்பரில் அமலுக்கு வந்தது; 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆக, வலியவனிடம் அந்தப் பாதுகாப்பு செல்லாது. அட்டைப்பெட்டி சப்ளை செய்தவரும் முன்பணம் கட்டிய வாடிக்கையாளரும்தான் வெளியே நிற்பார்கள். ஜாமீன் கேட்க இவர்களால் முடியாது. கம்பெனியைக் கலைத்து விற்கும்போது தொழிலாளரின் 24 மாதக் கூலி பாக்கிக்குத் திவால் சட்டம் முன்வரிசை கொடுத்திருக்கிறது; அது நல்ல ஏற்பாடு. பெட்டிக்காரரின் பாக்கி அரசாங்க வரிக்கும் பின்னால்தான்.

மார்க் ட்வைனின் பதிப்பகம் 1894-ல் நொடித்தது. முழுக் கடனையும் அடைக்க வேண்டிய சட்டக் கட்டாயம் அவருக்கு இல்லை. இருந்தும் 59 வயதில் உலகம் சுற்றிச் சொற்பொழிவாற்றப் புறப்பட்டு, இந்தியாவுக்கும் இலங்கைக்கும்கூட வந்து, 1898-க்குள் எல்லாருக்கும் கொடுத்து முடித்தார். அந்த அளவு எல்லாராலும் முடியாது, கேட்கவும் கூடாது. ஓபிசி பதிவு செய்கிறவர் அதைவிடச் சிறிய ஒன்றை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளலாம்: சிறிய சப்ளையரிடம் ரொக்கத்துக்கே வாங்குவது, கடன் வேண்டுமானால் வங்கியிடமும் பெரிய மொத்த வியாபாரியிடமும் மட்டும் வாங்குவது. நொடிக்கப்போகும் நேரத்தில் கம்பெனிப் பணத்தை வேண்டியவருக்கு முந்திக் கொடுத்தால் திவால் சட்டம் கேள்வி கேட்கும். கம்பெனி மூடிய பிறகு சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து பெட்டிக்காரரின் பாக்கியைத் தீர்ப்பதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை.